இரண்டாவது பொத்தான்

வெள்ளவத்தையில்
கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றில்
மூன்றாம் மாடி.
இரண்டாவது படுக்கையறையில் கட்டில் இல்லை.
ஈரமானி இருக்கிறது.
பல் தீட்டுமுன் அதைத்தான் பார்ப்பேன்:
எண்பத்திரண்டு.
எண்பத்திரண்டில் பசையைத் தொடக்கூடாது.
எண்பத்திரண்டில் பலகை
உப்பிக்கொண்டு பொய் சொல்லும்.
இயந்திரம் இரவு முழுக்க உறிஞ்சிய காற்றின் தண்ணீரை
வாளியோடு கவிழ்த்துவிட்டு
வங்கிக்குப் போவேன்.
பிறர் கையெழுத்துகளை ஒப்பிட்டுப் பார்ப்பதற்குச் சம்பளம்.

துவான் இஜ்லான் கொம்பனித்தெருவிலிருந்து வந்தான்,
கல்யாண வீடுகளில் வாசிப்பவன்.
"கொஞ்சம் மெல்லிசா வேணும் மிஸ்.
வயிறு இடிக்குது."
மரம் அளக்கும் நாடாவால்
அவன் வயிற்றை அளந்தேன்.
மூச்சை உள்ளே இழுத்தான்.
"விடுங்கோ," என்றேன்,
"வாசிக்கேக்கை மூச்சு விடுவீங்கள்தானே."
ஆழம் குறைந்தால் அடித்தந்தி முணுமுணுக்கும்,
அதையும் சொன்னேன்.
வயிற்றுக்கும் தந்திக்கும் நடுவே
மூன்றே கால் அங்குலத்தில் உடன்பாடு.

பக்கங்களுக்குப் பலா,
மொறட்டுவை மரக்காலையில் ஒரு கதவுநிலைத் துண்டு.
மோட்டார்சைக்கிள் புகைக்குழாயைப் பழுக்கக் காய்ச்சி
நனைத்த பலகையை அதில் அழுத்தினேன்.
பலாக்கொட்டை சுட்ட மணம் வரும் என்றிருந்தேன்.
ஈரச்சாக்கு மணம்தான் வந்தது.
பலகை மறுத்தது, மறுத்தது,
பிறகு ஒரு கணத்தில்
ஏனென்று தெரியாமல் இணங்கியது.
மணிக்கட்டுக்குத்தான் அது முதலில் தெரியும்.

மேற்பலகை கடல் தாண்டி வந்த ஸ்ப்ரூஸ்.
சுங்கத்தில் இது என்னவென்று கேட்டவருக்குத்
தட்டிக் காட்டினேன்.
அவரும் தட்டிப் பார்த்தார்.
வரி குறையவில்லை.

மூன்று மில்லிமீற்றரில் தட்டினால் அது மேசை.
இரண்டே முக்காலில் கதவு.
இரண்டரையில்
அறைக்குள் யாரோ திரும்பிப் பார்த்ததுபோல.
இன்னும் ஒரு சீவல், இன்னும் ஒன்று
போன வருடம் ஒன்றை இப்படித்தான் கொன்றேன்.
சுருண்டு விழுந்ததைத் திரும்ப ஒட்டுகிற பசை
எந்தக் கடையிலும் இல்லை.
இரண்டு தசம் மூன்றில்
சீவுளியைக் கொண்டுபோய்
குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்து
அறைக் கதவைச் சாத்தினேன்.
என்னிடமிருந்து.

மூடுமுன் உட்புறத்தில்
பென்சிலால் ஒரு வரி எழுதினேன்.
வங்கியில் எவரும் பார்த்திராத கையெழுத்தில்.

தந்தி கட்டி மூன்றாம் நாள் வந்தான்.
மடியில் வைத்தான், வாசித்தான்,
முகம் சுருங்கியது.
"உள்ளுக்கு வண்டு இருக்குது மிஸ்."
எனக்கும் கேட்டது.
ஐந்தாம் தந்தி, மூன்றாவது மெட்டு,
ஒவ்வொரு தடவையும் ஒரு வண்டு.

பாலத்தைத் தட்டினேன், முடுக்கிகளை இறுக்கினேன்.
பல் வைத்தியர் கண்ணாடியைத் துளைக்குள் விட்டு
விலாக்கட்டைகளை ஒவ்வொன்றாய்ப் பார்த்தேன்.
எல்லாம் ஒட்டித்தான் இருந்தன.
என் வரி மட்டும்
கண்ணாடியில் இடம் வலமாய்த் தெரிந்தது,
வேறு யாரோ எழுதியதைப்போல.
நான் வாசித்தபோது வண்டு இல்லை.
அவன் வாசித்தால் உண்டு.
ஒரு மணித்தியாலம்.
நெற்றியிலிருந்து வேர்வை பலாவில் விழுந்தது.

பிறகுதான் பார்த்தேன்.
சட்டையின் இரண்டாவது பொத்தான்,
கீழ்ப்புறம் உடைந்தது,
முதுகுப் பலகையை உரசிக்கொண்டிருந்தது.
மெலிந்த உடம்பு, அதிர்வை ஒளிக்கத் தெரியாது.
"கழற்றுங்கோ," என்றேன்.
திகைத்தான்.
"பொத்தானை."

ஆறு நாற்பது ரயில் வந்தது.
வாசிக்காமல் காத்திருந்தான்.
யன்னல் கண்ணாடி ஆடியது.
அவன் மடியில் ஆறு தந்திகளும்
யாரும் தொடாமலே கொஞ்சம் பேசின.
ரயில் தெகிவளைப் பக்கம் போய்த் தேய்ந்தபின்
வாசித்தான்.
அடித்தந்தி முணுமுணுக்கத்தான் செய்தது.
நல்ல முணுமுணுப்பு.

தேநீர் ஊற்றினேன்.
துளை வெட்டும்போது கையோடு வரும்
வட்ட வில்லையை நான் எறிவதில்லை.
பதினொன்று சேர்ந்திருக்கின்றன.
அவனுடையதைத் தேடியெடுத்துக்
கோப்பைக்கு அடியில் வைத்தேன்.
மீதிக் காசு அடுத்த மாதம் என்றபடி
கோப்பையைத் தூக்கினான்.
வில்லையில்
ஈரமாய் ஒரு வளையம்.